ஒரு வாளிச் சேறு

இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா, கழன்று விழுந்துவிட்டதா என்று தோலோனுக்கே சந்தேகமாக இருந்தது. விடிந்ததிலிருந்து குழிக்குள் நின்று சேறு மிதிக்கிறான். மலையிலிருந்து இறங்கும் வாய்க்கால் தண்ணீர் அக்டோபரில் எலும்பைக் கடிக்கும். அதை ஊற்றிக் குழைத்த மண்ணில் வைக்கோலைத் தூவித் தூவி மிதித்ததில் பாதம் மரத்து, கெண்டைக்கால் கட்டிக்கொண்டு, வலி முழங்காலுக்கு மேலே வந்த பிறகுதான் வலி என்றே தெரிந்தது. தோள்பட்டை தனியாக எரிந்தது. மிதித்த மண்ணை உருட்டி எறிய ஒருவன், நடுவில் வாங்கிக் கொடுக்க ஒருவன், சுவர்மேல் நின்று அடுக்க ஒருவன் என்று நடக்கிற வேலை இது. இங்கே மூன்று ஆளும் அவனே.

மே மாத வெள்ளம் மலைச்சரிவிலிருந்து சேறும் கல்லுமாக இறங்கி வந்து வீட்டின் பின்சுவரை அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டது. கூரையை பாப்லர் மரக் கம்புகளால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கோடை முழுக்க அம்மா சோனுனும், வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாத அப்பா கல்மாத்தும் சேர்ந்து இடுப்பு உயரம் எழுப்பியிருந்தார்கள். குதிரையிலிருந்து விழுந்து உடைந்த தோள் அது, சரியாகக் கூடவில்லை. மூன்று பேரும் முன்னறையில் அடுப்பை ஒட்டிப் படுத்தார்கள். பின்பக்கம் கம்பளி தொங்கவிட்டிருந்தது. காற்று அதை இரவெல்லாம் அடிக்கும், யாரோ வெளியே நின்று கதவைத் தட்டுகிற மாதிரி.

குளிரில் உறைந்து நிலம் இறுகிவிட்டால் சேறு குழைக்க முடியாது. குழைத்தாலும் உள்ளே நீர் உறைந்து வசந்தத்தில் சுவர் உதிர்ந்துவிடும். அந்தப்பக்கம், தலைநகரில் அவன் விடுப்பு எடுத்த கல்லூரிக்கு மாதக் கடைசிக்குள் திரும்பாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சுவரை விட்டுப் போகவும் முடியாது, சுவர் அவன் ஒருவன் கைக்கு முடியவும் முடியாது. பொறியில் மாட்டிய எலி வாலை ஆட்டுவதுபோல அவன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

இதற்கெல்லாம் ஊரில் ஒரு வழி உண்டு. அஷார். வீடு கட்டுகிறவன் ஒரு நாள் குறித்துச் சொல்லிவிட்டால், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்துவிடுவான். கூலி கிடையாது. வயிறு நிறையச் சாப்பாடு உண்டு. இன்றைக்கு என் சுவர், நாளைக்கு உன் கூரை. அப்பாவும் சொல்லியனுப்பினார். இருந்த இரண்டு ஆட்டில் ஒன்றை அறுத்தார். அம்மா விடியுமுன்னே மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, முற்றத்தில் கொப்பரையை ஏற்றினாள்.

ஒருவரும் வரவில்லை.

வெயில் ஏறி, இறங்கவும் தொடங்கிவிட்டது. அப்பா கொப்பரைப் பக்கத்தில் குந்தியபடி விறகைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, "நெருப்ப அணைச்சிரு சோனுன், கறி கரைஞ்சிரும்," என்று மட்டும் சொன்னார். அம்மா கறியை உப்புப் போட்டு எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் அந்தக் கறிதான். தொண்டையில் இறங்கும்போது ஒவ்வொரு துண்டும் ஒரு ஆளின் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்கியது.

தோலோனுக்குக் காரணம் தெரியும். காரணமே அவன்தான். கல்லூரி விடுதியில் முதல் குளிர்காலம் காய்ச்சலில் கிடந்தவனுக்கு, முன்பின் தெரியாத இலிம் என்ற மாணவன் சூப் கொண்டுவந்து ஊட்டினான். நான்கு நாள் உட்கார்ந்திருந்தான், எதையும் கேட்கவில்லை. அந்த வழியாக இயேசுவிடம் வந்தவன் தோலோன். போன குளிர்காலம் ஊரில் ஒரு சாவு வீட்டில் எல்லோரும் தொழுகைக்கு நிற்க, அவன் ஓரமாக ஒதுங்கி நின்றான். தொழுகை நடத்திய மோல்தோ பார்த்தார், ஊரும் பார்த்தது. "நீ எத வேணா கும்பிடு, ஊருக்குள்ள வாயத் தொறக்காத," என்றார் அப்பா. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அஷாருக்கு ஆள் வராத அன்று இரவு இலிம் போன் செய்தபோது தோலோன் எல்லாவற்றையும் சொன்னான். ஆடு, கொப்பரை, வராத ஊர்.

"டேய், உனக்காக இன்னிக்கு எல்லாரும் முழங்கால்ல நின்னோம்டா," என்றான் இலிம் மறுநாள். "நம்ம ரகாத் ஜெபம் பண்ணும்போதே அழுதுட்டா. மாணவர் கூட்டத்துல கொடுத்தலப் பத்தி நீதான பேசறதா இருந்த? இப்ப அதுக்கு மேல. விசுவாசத்துக்காகப் பாடுபடறது எப்படின்னு நீ போன்ல பேசு. புதுசா வந்த பசங்களுக்கு உரமா இருக்கும்."

"என்ன பெருசா பண்ணிட்டேன்," என்றான் தோலோன். சொன்னாலும், அந்த வேதனையில் ஒரு இனிப்பு இருந்தது. நாக்குக்கு அடியில் வைத்த கற்கண்டு மாதிரி. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்திலும் சொல்லவில்லை.

இப்போது குழிக்குள் நின்று மிதிக்கும்போதும் அந்த இனிப்புதான் அவனை நிறுத்தி வைத்திருந்தது. பாதையில் ஓரோஸ்பாய் வண்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனார். அவன் அப்பா வயது. வேலை செய்கிறவனைப் பார்த்தால் இந்த ஊரில் யாரும் "ஆண்டவன் பலம் தரட்டும்" என்று சொல்லாமல் கடக்கமாட்டார்கள். ஓரோஸ்பாய் குழியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கழுதையின் காதைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

'ஆண்டவன் பேரைக்கூட எனக்காகச் சொல்ல மாட்டேங்கறாங்க,' என்று நினைத்துக்கொண்டான் தோலோன். மிதி இன்னும் உரமாக விழுந்தது.

சுவர் மார்புக்கு மேல் போனால் ஏறி நிற்கும் பெஞ்சு எட்டாது. ஏணி வேண்டும். நல்ல நீளமான ஏணி ஜேன்பெக் வீட்டில் இருந்தது. ஜேன்பெக்கும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பதினைந்து வயதில் தோலோன் நகரத்து விடுதிப் பள்ளிக்குப் போனான், ஜேன்பெக் ஊரில் தங்கிக் கல்யாணம் கட்டிக்கொண்டான். வருடா வருடம் கோடை முடிந்ததும் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவன், இந்த வருடம் போகவில்லை. ஜூலையில் தன் வீட்டுக்குக் கூரை போடும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. செய்தி வந்தபோது தோலோன் அவனுக்காக ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் வைத்திருந்தான்.

ஜேன்பெக் வீட்டுக் கூரையில் ஒரு மூலை மட்டும் நீலத் தார்ப்பாய் போட்டு, மேலே கல் வைத்திருந்தது. முற்றத்தில் அவன் மனைவி கனிஷாய் குச்சியால் கம்பளி ரோமத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஏணி கெடைக்குமா? நாலஞ்சு நாளைக்கு."

"இருக்கு, எடுத்துக்க," என்றாள் குச்சியை நிறுத்தாமல். "ஒரு படி ஆடும், பாத்து ஏறு. உன் கூட்டாளி அதுலதான் பறந்தாரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பறக்கலடி. எறங்குனேன். கொஞ்சம் அவசரமா எறங்கிட்டேன்."

தோலோன் குனிந்து உள்ளே போனான். அடுப்படியில் மெத்தைகளை அடுக்கி அதன்மேல் காலை நீட்டிச் சாய்ந்திருந்தான் ஜேன்பெக். கையில் குதிரைக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். போர்வைக்குக் கீழேயும் அந்தக் கால் வெளிப்பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது.

"வாடா படிச்சவனே. உக்காரு. எழுந்து நின்னு வரவேற்கலேன்னு கோவிச்சுக்காத."

"உனக்காக நாங்க எல்லாரும் ஜெபம் பண்ணோம்டா."

"உங்கம்மா சொன்னாங்க. காலுக்கும் சொன்னேன். கேட்டுச்சு. ஆனா நேரா வர முடியாதுன்னுருச்சு."

தோலோன் சிரித்துவிட்டான். யாராவது ஒருவரிடம் சொல்லித் தீர்க்க வேண்டும்போல இருந்தது. "அஷாருக்கு ஒருத்தர்கூட வரலடா. எங்கப்பா கொப்பரைகிட்ட உக்காந்திருந்ததப் பாத்திருக்கணும். என் விசுவாசத்துக்காக அவரு அனுபவிக்கிறாரு."

வெளியே குச்சிச் சத்தம் நின்றது. கனிஷாய் வாசலில் வந்து நின்றாள்.

"உன் எதுக்காக?"

"நான் இயேசுவ ஏத்துக்கிட்டதால, மதினி."

"இந்த ஊர்க்காரன் உன் சாமியப் பத்தி உக்காந்து யோசிக்கிறானா? உருளைக்கிழங்கு பாதி இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு. அவனுக்கு அதுக்கு எங்க நேரம்?"

"கனிஷாய், விடு," என்றான் ஜேன்பெக்.

"விட மாட்டேன். அஷாரக் கணக்குச் சொல்லக் கூடாது, வாயத் தொறந்து கேக்கக் கூடாதுன்னு எல்லாரும் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடங்க. எனக்கு வெக்கமில்ல, நான் கேக்கறேன்." அவள் ரோமம் ஒட்டிய கையை இடுப்பில் துடைத்தாள். "எங்க கூரை அஷார் அன்னிக்கு நீ ஊர்ல இருந்தியா இல்லியா?"

தோலோன் யோசித்தான். ஜூலை. ஏரிக்கரையில் மாணவர் முகாம். அதற்குப் போகிற வழியில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்திருந்தான். மினி பஸ்ஸைப் பிடிக்கப் பையோடு நடந்தபோது கூரைமேல் ஆட்கள் நின்றது நினைவுக்கு வந்தது.

"இருந்தேன். இந்தப் பக்கமாதான் போனேன். உங்களையெல்லாம் பாத்து..."

"பாத்து என்ன சொன்ன?"

"ஆண்டவன் பலம் தரட்டும்னு சொன்னேன்."

"சொல்லிட்டு?"

சொல்லிவிட்டு என்ன செய்தான்? போனான். அன்றைக்கு அதை அவன் பெருமையாகக்கூட நினைத்திருந்தான். ஊரார் முன்னால் வாய் திறந்து ஆண்டவன் பெயரால் ஆசி சொன்னோம் என்று. முகாமில் அதைச் சொல்லியும் இருந்தான்.

"வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு அந்த வாய்க்கால் மேட்டுல நின்ன," என்றாள் கனிஷாய். "எல்லாரும் திரும்பிப் பாத்தோம். அப்பாடா, ஆள் வந்தான்னு இவரு சிரிச்சாரு. வாளியத் தூக்கி உன் பக்கம் நீட்டுனாரு. நீ கையாட்டிட்டுப் போன. ஆண்டவன் பலம் தரட்டும்னு சொன்னவன் ஒரு வாளியாவது தூக்கிக் குடுக்காம போவானா? பச்சப்புள்ளைக்குத் தெரியும். கை வைக்க முடியாதவன் வாய மூடிக்கிட்டுப் போவான். அதான் மரியாதை."

தோலோனுக்குக் காது சுட்டது. ஓரோஸ்பாய் கழுதையின் காதைப் பார்த்துக்கொண்டு போனது ஏன் என்று இப்போது புரிந்தது. சின்ன வயதில் அவனே எத்தனை முறை புத்தகப்பையைக் கீழே வைத்துவிட்டு யார் யார் வீட்டுக்கோ ஒரு வாளி தூக்கியிருக்கிறான். விடுதியில், நகரத்தில், ஜெபக் கூட்டத்தில் அந்தச் சொல் வெறும் சொல்லாகிவிட்டது. ஆசி சொன்னால் வேலை முடிந்தது என்று ஆகிவிட்டது.

"அன்னிக்கு நடுவுல நிக்க ஆள் இல்ல," என்று அவள் தொடர்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. "இவரே கீழ எறங்கி வாளி எடுத்து, இவரே மேல ஏறி... சாயங்காலம் படியெல்லாம் சேறு."

தோலோன் ஜேன்பெக்கைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல மாட்டானா என்று இருந்தது.

"நீ தள்ளிவிடல," என்றான் ஜேன்பெக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே. "படி வழுக்குச்சு. ஆனா நீ நின்னிருந்தா நான் எறங்கியிருக்க மாட்டேன். அதுவும் நெசந்தான். மோல்தோவுக்கு உம்மேல கோவம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. அவரும் அவரு ஆளுங்களும் எப்படியும் வரமாட்டாங்க. மத்தவங்களுக்கு அது இல்ல. உங்கப்பாவுக்குக் கை போயி வருஷமாச்சு. ஓரோஸ்பாய் லாயம் கட்டுனாரு, சத்தார் வீட்ல சமையக்கட்டு எடுத்தாங்க, பள்ளிக்கூடத்துப் பாலம் போட்டாங்க. உங்க வீட்லேருந்து யாரும் வரல. உங்கப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்து, எடது கையால ஒரு வாளி தூக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவாரு. சாப்பிடக்கூட உக்கார மாட்டாரு."

தோலோன் ஏணியை எடுக்காமலே வீட்டுக்கு வந்தான். நாக்குக்கு அடியில் இருந்த கற்கண்டு கரைந்துவிட்டிருந்தது. அங்கே ஒரு கசப்புக்கூட இல்லை, வெறும் மண்.

அப்பா அடுப்புக்கு விறகு உடைத்துக்கொண்டிருந்தார், இடது கையால்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"எத?"

"அஷாருக்கெல்லாம் ஆள் போகலன்னு."

அப்பா கோடாரியை நிறுத்தவில்லை. "சொல்ற விஷயமா அது? ஒரே புள்ள, படிக்கப் போயிருக்கு. அதக் கூப்பிட்டு, வாடா வந்து அவன் வீட்டுச் சேத்த சொமன்னு சொன்னா நான் என்ன அப்பன்?"

"அவங்க யாரும் வராததுக்கு நான்தான் காரணம்னு நெனச்சேன்."

"நீதான் காரணம்," என்றார் அப்பா. "நீ நெனச்ச காரணம் இல்ல, அவ்வளவுதான்."

மறுநாள் விடியற்காலையில் தோலோன் தள்ளுவண்டியைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். முந்தின நாள் முழுக்க மிதித்து, இரவெல்லாம் ஊறிப் பதமாகியிருந்த சேறு. வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. தன் சுவருக்கென்று மிதித்த அதை வண்டியில் அள்ளிப் போட்டான். அம்மா கம்பளியை விலக்கிப் பார்த்தாள்.

"எங்கடா கொண்டு போற?"

"ஜேன்பெக் கூரைக்கு."

"பைத்தியமா புடிச்சிருக்கு? மேல பாரு!" மலை உச்சியில் மேகம் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. "இன்னும் ரெண்டு மூணு நாளுதான். நம்ம சுவரு?"

அவன் இன்னொரு மண்வெட்டிச் சேற்றை அள்ளிப் போட்டான். அவள் கேட்டது நியாயம். அப்பா வெளியே வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் குழியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு போய் வண்டியின் முன்பக்கக் கயிற்றை இடது தோளில் மாட்டிக்கொண்டார். "மேட்டுல தனியாத் தள்ள முடியாது," என்றார்.

கூரை மூலையில் தார்ப்பாயை எடுத்தபோது அடியில் பரப்பியிருந்த நாணல் கறுத்துப்போயிருந்தது. அதை மாற்றி, சேறு பரப்பி, பலகையால் இழுத்துத் தேய்த்து முடிக்க நாள் முழுக்க ஆனது. ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஜேன்பெக் அன்றைக்கு எத்தனை தடவை இப்படிச் செய்தான் என்பது தொடையில் தெரிந்தது. கனிஷாய் டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். உள்ளேயிருந்து ஜேன்பெக் கத்திக்கொண்டிருந்தான்: "ஓட்டை விட்டுறாதடா! ஜெபத்துல தண்ணி நிக்காது!"

இரவு இலிமுக்குப் போன் செய்தான். நடந்ததையெல்லாம் சொன்னான், வெள்ளை ஷூ வரைக்கும்.

"இலிம்? இருக்கியா?"

"இருக்கேன். அப்ப நாங்க முழங்கால்ல நின்னது?"

"வீணில்ல. விலாசம்தான் தப்பு. பாடுபட்டவன் நான் இல்ல, ஜேன்பெக்."

"ரகாத் அழுதாளேடா."

"அவகிட்ட நீ சொல்லிரு. எனக்கு வெக்கமா இருக்கு."

"நீயே சொல்லு. நாங்க வர்றோம்."

இரவெல்லாம் மலைப்பாதையில் வண்டி மாறி மாறி வந்து, இலிமும் ரகாத்தும் சனிக்கிழமை காலை ஊருக்குள் இறங்கினார்கள். இலிம் நகரத்துப் பையன். புதுக் கையுறை வாங்கிக்கொண்டு வந்திருந்தான், விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. ரகாத் நாரின் மலைப் பக்கத்து ஆட்டுப்பட்டியில் வளர்ந்தவள். வந்ததும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பின்சுவரைப் பார்த்தாள்.

"இதுதானா? ரெண்டு நாள் வேலைதான். எங்க மண்வெட்டி?"

"இங்க இல்ல," என்றான் தோலோன். "ஓரோஸ்பாய் பைக்கே, அந்தப் பெரியவர் வீட்டுக்கு. அவருக்கு வைக்கோல் இன்னும் பரண்ல ஏறல."

இலிம் திறந்துகிடந்த சுவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "டேய், நாங்க உன் வீட்டுக்கு வந்திருக்கோம்."

"எனக்கு வந்த ஆளுதான். அதான் நான் போக வேண்டிய எடத்துக்கு அனுப்பறேன்."

ஓரோஸ்பாய் வாசலில் மூன்று பேரைக் கண்டதும் புருவத்தைச் சுருக்கினார். தோலோன் "ஆண்டவன் பலம் தரட்டும், பைக்கே," என்றான். சொல்லும்போதே கோட்டைக் கழற்றிவிட்டான். அவர் கழற்றிய கோட்டைப் பார்த்தார். பிறகு கவைக்கோலை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

மாலைக்குள் இலிமின் கையுறை கிழிந்து, உள்ளங்கையில் கொப்புளம் போட்டுவிட்டது. "இத ஆண்டவனுக்குக் காணிக்கையா வச்சுக்கலாமா?" என்று கேட்டான். "மொதல்ல ஊசி வச்சுக் குத்து," என்றாள் ரகாத். "காணிக்கை சீழ் புடிச்சிரும்."

ஞாயிறு காலையில் அவர்கள் மூன்று பேரும் அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஜெபித்தார்கள். அப்பா அந்த நேரம் மாட்டைப் பார்க்கப் போவதாக எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு குழியில் இறங்கினார்கள். இலிம் சேற்றுத் தண்ணீரில் கால் வைத்ததும் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வெயில் எட்டிப்பார்த்த நேரம். பாதையில் கழுதை வண்டிச் சத்தம் கேட்டது. தோலோன் நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கேட்கிற மாதிரி ஆகிவிடும். வண்டி நின்றது.

"ஆண்டவன் பலம் தரட்டும்," என்றது ஓரோஸ்பாயின் குரல்.

அவர் கோட்டை முட்டுக்கம்பில் மாட்டினார். வாளியைக் கையில் எடுத்தார். பின்னாலேயே சத்தாரும் அவர் தம்பியும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஏதோ வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா உள்ளே ஓடினாள். உப்புப் போட்டு வைத்த கறி முழுவதும் கொப்பரைக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

மோல்தோ வரவில்லை. அவர் தெருவில் யாரும் வரவில்லை. பாதி ஊர்கூட வரவில்லை. கைகள் போதவில்லை. இரண்டாம் நாள் அந்தி சாயும்போது சுவர் ஜன்னல் சட்டத்தின் உச்சியைத் தொட்டது, அதற்குமேல் கூரை வரைக்கும் ஒரு ஆள் நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. அன்றிரவு பனி விழுந்தது. காலையில் குழியில் மண்வெட்டியைப் போட்டால் கல்லில் பட்ட மாதிரி எகிறியது.

இலிமும் ரகாத்தும் திரும்பிப் போனார்கள். தோலோன் போகவில்லை. இடைவெளியில் கம்பளியையும் தார்ப்பாயையும் அடைத்தான். காற்று அப்படியும் வந்தது. அதை நம்பி அப்பாவையும் அம்மாவையும் குளிர்காலத்துக்கு விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது. கல்லூரியில் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த செப்டம்பரில் விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று ரகாத் விசாரித்துச் சொன்னாள். முன்னறையில் மூன்று பேரும் ஒரே அடுப்பை ஒட்டி, ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு படுத்தார்கள். இரவில் விழிப்பு வரும்போது சுவர் நான்கு பக்கமும் நெருங்கி வருவதுபோல இருக்கும். பைபிளை எடுத்து அடுப்பு வெளிச்சத்தில் பிரிப்பான். அப்பா இருமுவார். சில இரவு ஜெபமும் வராது, கோபம்தான் வரும். அதையே சொல்லிவிட்டுத் தூங்குவான்.

மாணவர் கூட்டம் நடந்த அன்று இலிம் போனை ஒலிபெருக்கி பக்கத்தில் வைத்தான். புதுசாக வந்த பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றான். தோலோன் எழுதி வைத்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டான்.

"எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல," என்றான். "நான் கொடுத்தலப் பத்திப் பேச வேண்டியவன். ஒரு வாளிகூடக் குடுக்காம பேசவிருந்தேன். நீங்க இந்த வாரம் யாரையாச்சும் பாத்து ஆண்டவன் உன்னப் பாத்துக்குவாரு, உனக்காக ஜெபிக்கிறேன்னு சொல்லுவீங்க. சொல்லுங்க. சொல்லிட்டு அங்கயே நில்லுங்க. கையில என்ன வச்சிருக்கீங்களோ அதக் கீழ வைங்க. ஆண்டவன் பலம் தரட்டும்னு நாம கேக்கறோம்ல, பாதி நேரம் அவரு குடுக்கற பலம் நம்ம கைதான். அத எடுத்துக்கிட்டு மினி பஸ் ஏறிப் போயிராதீங்க. அவ்வளவுதான். குளிருது இங்க. எல்லாரும் நல்லா இருங்க."

குளிர்காலம் முழுக்க, காலையில் வாய்க்கால் பனியை உடைத்து இரண்டு வாளித் தண்ணீர் எடுத்து ஜேன்பெக் வீட்டு வாசலில் வைப்பது அவன் வேலை ஆனது. கனிஷாய் முதலில் வேண்டாம் என்றாள், பிறகு காலி வாளியை வாசலில் எடுத்து வைக்கத் தொடங்கினாள். ஜேன்பெக் கோலூன்றி வாசல் வரைக்கும் வருவான். கால் நேராகவில்லை. இனி ஆகாது என்று நகரத்து மருத்துவர் சொல்லிவிட்டார். ருஷ்யாவுக்குப் போய்ச் சாரத்தில் ஏறுகிற வேலை அவனுக்கு முடிந்தது.

"இது தண்ணி," என்றான் ஒரு நாள், வாளியைக் கோலால் தட்டி. "தண்ணி தெனம் கொண்டாற. சரி. நீ எனக்குத் தர வேண்டியது சேறுடா."

"மூலைக்குப் போட்டேனே, அக்டோபர்ல."

"அது அக்டோபர் கணக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லிவிட்டுக் கோலை ஊன்றித் திரும்பி, ஒரு காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். தோலோன் காலி வாளிகளோடு வாசலில் நின்றான். கூரை மூலையில் அவன் பூசிய சேறு பனிக்கு அடியில் உறுதியாக இருந்தது. அதனால் ஒன்றும் தீரவில்லை. ஜூலையில், ஏணியின் நடுப்படியில், நீட்டிய கையிலிருந்து வாங்கி மேலே கொடுத்திருக்க வேண்டிய ஒரு வாளிச் சேறு. அதை அவன் ஜேன்பெக்குக்கு இன்னும் தர வேண்டும்.